ரொட்டியின் ஓரம்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். அஸ்தம்பட்டியிலிருந்து எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை காலை டிபனுக்கு வீட்டில் எல்லோருக்கும் பிரெஞ்சு டோஸ்ட் ரோல் செய்யலாம் என்று ஆசைப்பட்டேன். வியாழக்கிழமையே பிரெட் வாங்கி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டேன். வீடியோவில் பார்த்தபடியே ஓரத்தை வெட்டி, சப்பாத்திக் கட்டையால் தேய்த்து, க்ரீம் சீஸும் ஸ்ட்ராபெரி ஜாமும் தடவிச் சுருட்டி, முட்டை கலந்த பாலில் தோய்த்து வெண்ணெயில் போட்டேன். பாதி சுருட்டும்போதே வெடித்துவிட்டது. மீதி கல்லில் போட்டதும் பிரிந்து, ஜாம் வெளியே ஓடிக் கருகிவிட்டது. பிள்ளைகள் முகம் வாடிப்போனது. "காலங்காத்தால இனிப்பா, இதெல்லாம் ஒரு டிபனா" என்றார் மாமியார். முட்டை வாடை வேறு. வெட்டிய ஓரங்களை மட்டும் வீணாக்கவில்லை, வேலைக்கு வரும் அக்காவிடம் கொடுத்துவிட்டேன். எங்கே தப்பு செய்தேன்? நம் வீடுகளுக்கு இதெல்லாம் சரிப்படாதா? எனக்கு உங்கள் மகள் வயதுதான், ஒருமையிலேயே எழுதுங்கள்.

ம., சேலம்

அன்புள்ள ம.,

போன மாதம் ஏற்காட்டு வீட்டைக் காலி செய்தோம். பரணிலிருந்து அம்மாவின் பிஸ்கட் டின் ஒன்று கிடைத்தது. மூடி துருப்பிடித்து, திறக்கவே வரவில்லை. அன்றிலிருந்து ரொட்டி ஓரத்தைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் உன் கடிதம் வந்தது.

முதலில் நீ கேட்டதைச் சொல்லிவிடுகிறேன். ஃபிரிட்ஜில் வைத்தபோதே பாதிக் காரியம் கெட்டுவிட்டது. அங்கே ரொட்டி பூசணம் பிடிக்காமல் இருக்கும், ஆனால் வெளியில் இருப்பதைவிடச் சீக்கிரம் விறைத்துப்போகும். வெந்து இளகிய மாவுச்சத்து அந்தக் குளிரில்தான் வேகமாகத் திரும்ப இறுகுகிறது. பாம்பே டோஸ்ட் என்று நாம் சுடுகிறோமே, அதற்குப் பழைய ரொட்டி நல்லது. எவ்வளவு பால் குடித்தாலும் கரையாது. சுருட்டுவதற்கு அன்றைக்குச் சுட்ட ரொட்டிதான் வேண்டும். 8 ஸ்லைஸுக்கு 2 முட்டையும் கால் டம்ளர் பாலும் போதும். தோய்த்த கையோடு எடுத்துவிடு, ஊறப்போடாதே. உள்ளே வைப்பதைக் கனமாக அப்பாமல், ஒரு முனையில் விரல் அகலம் இடம் விட்டுத் தடவு. ஜாம் சூட்டில் இளகி ஓடத்தான் செய்யும். கொழுக்கட்டைக்குக் கிளறுகிற தேங்காய்ப் பூரணத்தை வைத்துப் பார். மாம்பழக் காலமாக இருந்தால் மல்கோவாக் கூழை அடுப்பில் வைத்துச் சுண்டக் கிளறி வை. வைத்த இடத்தை விட்டு நகராது.

மாமியார் சொன்னதை விடு. சர்க்கரைப் பொங்கலும் இனிப்புப் பணியாரமும் காலையில் தின்று வளர்ந்தவர்தானே அவரும்? சூடாக ஒன்று தட்டில் விழுந்தால் சரியாகிவிடுவார். நம் வீடுகளுக்குச் சரிப்படுமா என்று கேட்கிறாயே, தாராளமாகச் சரிப்படும். தோசை ஒவ்வொன்றாகத்தான் வரும். சுடுகிறவள் எல்லோரும் கை கழுவிய பிறகுதான் உட்காருவாள். ரோல் ஒரே கல்லில் ஆறேழு கிடக்கும். இரண்டு ஈட்டில் வேலை முடிந்து நீயும் அவர்களோடு உட்காரலாம். இந்த ஒரு காரணத்துக்காகவாவது செய்.

சரி, என்னை உறுத்திய இடத்துக்கு வருகிறேன். "ஓரங்களை மட்டும் வீணாக்கவில்லை" என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். 8 ஸ்லைஸ் என்றால் 32 துண்டு ஓரம். ஒரு கவரில் அள்ளிப் போட்டுக் கொடுத்திருப்பாய். ரோல் ஒன்று கொடுத்தாயா? எழுதவில்லை, அதனால் கொடுக்கவில்லை என்றுதான் எடுத்துக்கொள்கிறேன். வெடித்ததையாவது, பிரிந்ததையாவது கொடுத்திருக்கலாமே? உன் பிள்ளைகளுக்கு ஆகாது என்று நீ வெட்டித் தள்ளியது அவர் பிள்ளைகளுக்கு ஆகும் என்று எப்படித் தோன்றியது? யோசிக்காமல் செய்திருப்பாய். யோசிக்காமல் செய்ததுதான் எனக்கு வலிக்கிறது.

இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. அந்தக் கவர் போய்ச் சேர்கிற வீட்டில் வளர்ந்தவள் நான்.

1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன்தான் ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார் என்பார்கள். பேரிக்காயும்கூட அவர் கொண்டுவந்ததுதானாம். பின்னால் பங்களாக்களும் கான்வென்ட் பள்ளிகளும் வந்தன. அப்பா அப்படி ஒரு காப்பித் தோட்டத்தில் கூலி. அம்மா ஒரு விடுதிப் பள்ளியின் சமையல்கட்டில் வேலை பார்த்தாள். கீழே சேலத்தில் காய்ச்சல் வந்தவனுக்கு மட்டும் ரொட்டி வாங்குகிற காலத்திலேயே எங்கள் லைன் வீட்டில் ரொட்டி வாசம் உண்டு. முழு ரொட்டி இல்லை, ஓரம்.

பெற்றோர் வந்து பார்க்கிற நாட்களிலும் ஸ்போர்ட்ஸ் டே அன்றும் அங்கே சாண்ட்விச் செய்வார்கள். வெள்ளரிக்காய் வைத்து, ஓரம் வெட்டி, முக்கோணமாக நறுக்கி அடுக்குவார்கள். ஓரம் வெட்டுவது அம்மாவின் வேலை. வெட்டியதை பிஸ்கட் டின்னில் போட்டு, ஈரத்துணியால் மூடி, இருட்டுகிற நேரத்தில் சரிவில் இறங்கி வருவாள். பனி இறங்கியிருக்கும். சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவில் முதலில் டார்ச் வெளிச்சம் தெரியும், அப்புறம்தான் அம்மா. "ஓரம் வந்திருக்கா?" என்று தம்பி வாசலிலிருந்தே கத்துவான்.

கொஞ்சம் பாலில் நிறையத் தண்ணீர் கலந்து கொதிக்கவைத்து, ஓரங்களைப் போட்டு மூடுவாள். ஊறி ஊறி விரல் பருமனுக்கு உப்பும். இறக்கி வைத்துக் கொதி அடங்கிய பிறகுதான் வெல்லப் பாகு. கொதிக்கும்போது வெல்லம் போட்டால் பால் திரிந்துவிடும் என்று ஒவ்வொரு தடவையும் சொல்லிக்கொண்டேதான் ஊற்றுவாள். ஓமலூர்ப் பக்கத்து வெல்லம், கறுப்பாக இருக்கும். கடைசியில் ஒரு சிட்டிகை சுக்கு. அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து மூன்று பேரும் ஊதி ஊதித் தின்போம்.

அம்மா ஓரத்தைக் கொஞ்சம் தடிமனாக வெட்டுவாள். பழுப்போடு ஒரு நகக்கண் அகலம் வெள்ளையும் ஒட்டிக்கொண்டு வரும். அது கத்தி தவறி வந்ததில்லை என்று எனக்கு ரொம்ப நாள் தெரியாது. ஒரு நாள் சமையல்கட்டுக்குப் பொறுப்பாக இருந்தவர் எல்லோர் முன்னாலும் டின்னைத் திறந்து, ஒரு ஓரத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாராம். "பாதி ரொட்டி இதிலேயே போகுதே" என்றாராம். அம்மா வீட்டில் மூச்சு விடவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியம்மா சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அதற்கப்புறம் வந்த ஓரங்களெல்லாம் பாக்குச் சீவல் மாதிரி இருந்தன. அம்மா அப்போதும் பால் காய்ச்சினாள், வெல்லம் ஊற்றினாள், எங்களுக்கு எடுத்துக் கொடுத்தாள். அவள் அதைத் தொட்டு நான் பார்க்கவில்லை.

பதினேழு வயதில் படிக்கச் சேலத்துக்கு வந்தேன். விடுதியில் முதல் ஞாயிற்றுக்கிழமை ரொட்டியும் ஜாமும் கொடுத்தார்கள். சுற்றிலும் ஓரத்தைப் பிய்த்துத் தின்றுவிட்டு நடுவைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். பக்கத்தில் இருந்த பெண் சிரித்துவிட்டு என் நடுவையும் எடுத்துத் தின்றாள். எனக்கு அது பஞ்சை மெல்லுகிற மாதிரி இருந்தது. இன்றைக்கும் அப்படித்தான்.

ஓரமும் நடுவும் ஒரே மாவுதானே கண்ணு? அடுப்பின் அனலில் மேல்பக்கம் ஈரம் வற்றி, 100 டிகிரியைத் தாண்டிச் சிவக்கிறது. உள்ளே ஈரம் இருக்கிறவரை 100 டிகிரியைத் தாண்டாது, வெள்ளையாகவே வெந்து நிற்கும். சுட்ட ரொட்டியின் மணம் பெரும்பாலும் அந்தச் சிவந்த தோலில்தான் இருக்கிறது. தோசையின் முறுகல் ஓரத்துக்கு உன் வீட்டில் சண்டை நடக்காதா? பால்கோவாச் சட்டியைச் சுரண்ட நீ காத்துக்கிடந்ததில்லையா? அதே சிவப்புதான் இதுவும். ரொட்டியில் வந்தால் மட்டும் எப்படிக் கழிவாகிவிடுகிறது?

பிரெஞ்சுக்காரர்கள் இந்தப் பலகாரத்தைச் சொல்கிற பெயருக்குத் 'தொலைந்த ரொட்டி' என்று அர்த்தம். ஜெர்மன்காரர்கள் 'ஏழை வீரர்கள்' என்கிறார்கள். கல்லாகிப்போன ரொட்டியைத் தூக்கிப்போட மனசு வராதவர்கள் பாலையும் முட்டையையும் ஊற்றி மீட்டெடுத்த பண்டம் அது. அதைச் சுருட்டுவதற்காக நல்ல ரொட்டியின் நான்கு பக்கத்தையும் வெட்டித் தள்ளுகிறோம். நாம்தான் இப்படி என்றும் இல்லை. ரோமாபுரிக் காலத்துச் சமையல் குறிப்பு ஒன்று இருக்கிறது. உசத்தியான வெள்ளை ரொட்டியின் தோலைச் சீவிவிட்டுப் பெரிய துண்டுகளாகப் பிய்த்து, பாலில் ஊறவைத்து, எண்ணெயில் பொரித்துத் தேன் ஊற்று என்கிறது. சீவிய தோல் என்ன ஆனது என்று அதில் இல்லை. எந்த மாதிரி வீட்டுக்குப் போயிருக்கும் என்று என்னால் சொல்ல முடியும்.

ஓரத்தை வெட்டாமல் சுருட்ட முடியாது, தெரியும். அது வளையாது. வெட்டிக்கொள். வெட்டியதை உன் வீட்டுத் தட்டிலேயே வை. ரோல் எல்லாம் தோய்த்து முடித்ததும் பாத்திரத்தின் அடியில் கொஞ்சம் முட்டைப் பால் நிற்கும். 32 ஓரத்தையும் அதில் புரட்டி, அதே கல்லில் முறுக விட்டு எடு. 4 ஸ்பூன் சர்க்கரைக்கு 1 ஸ்பூன் பட்டைத்தூள் கலந்து வைத்திருப்பாயே, அதில் சூட்டோடு உருட்டு. பிள்ளைகள் தட்டிலிருந்து முதலில் காணாமல் போவது இதுவாகத்தான் இருக்கும். மாமியாருக்கு வேண்டுமானால் என் அம்மா செய்தது போல வெல்லப் பாலில் ஊறவைத்துக் கொடு. பல்லுக்கு இதமாக இருக்கும்.

வேலைக்கு வரும் அக்காவுக்குக் கொடு, நிறையக் கொடு. அவருக்கு ரோல் கொடு. ஆறிப்போனதைப் பொட்டலம் கட்டாமல், முதல் ஈட்டில் எடுத்த சூட்டோடு, உட்காரவைத்துக் கொடு. பிள்ளைகளுக்கு எடுத்துப் போகிறேன் என்றால் நான்கு தனியாகக் கட்டி வை, மேலே முறுகலாக நாலு ஓரமும் வை. "மீந்தது" என்று மட்டும் சொல்லாதே. கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேன், மனசில் வைத்துக்கொள்ளாதே. ஞாயிற்றுக்கிழமை காலையில் தூங்காமல் எழுந்து எல்லோருக்கும் புதிதாக ஒன்று செய்ய நினைத்த பெண்ணிடம்தான் இதைச் சொல்லத் தோன்றுகிறது.

முட்டை வாடை என்று எழுதியிருந்தாய், மறந்தே போனேன். பாலில் இரண்டு ஏலக்காய் தட்டிப் போடு. தீ மிதமாக இருக்கட்டும். வெண்ணெயில் இருக்கிற பால்கசடுதான் கருகுகிறது, அதனால் பாதிக்குப் பாதி நெய் கலந்துகொள். பிரிந்துபோவதற்கும் வழி இருக்கிறது. சுருட்டி முடிந்த மடிப்புப் பக்கம் முதலில் கல்லில் படுகிற மாதிரி வை. முட்டை வெந்து தானாக ஒட்டிக்கொள்ளும். அதுவரை கரண்டியால் தொடாதே.