பந்தியில் தண்ணீர் பாட்டிலைத் தவிர்ப்பது குறித்து

தங்கையின் திருமணப் பந்தியில் பிளாஸ்டிக் வேண்டாம் என்று நீங்கள் சொன்னதைப் பெரியவர்கள் கஞ்சத்தனமாக எடுத்துக்கொண்டதாக எழுதியிருக்கிறீர்கள். கொள்கை பேசுவதை விட்டுவிட்டு, பந்திப் பொறுப்பையே கேட்டு வாங்கிக்கொள்வதுதான் சரியான வழி என்று கருதுகிறேன். மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாளையும் பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளையையும் தமிழ்நாடு அரசு 2019 ஜனவரி 1 முதலே தடைசெய்திருப்பதால், அவற்றைப் பற்றி வாதமே தேவையில்லை. சமையல்காரருக்கு முன்பணம் கொடுக்கும்போதே சொல்லிவிடலாம். தண்ணீர் பாட்டில் அந்தப் பட்டியலில் இல்லை, சிக்கல் அங்கேதான். எவர்சில்வர் டம்ளர்களை வாடகைக்கு எடுத்து, ஊற்றவும் கழுவவும் தனி ஆள் வைத்து, அந்தக் கூலியை நீங்களே ஏற்றுக்கொண்டால் கஞ்சத்தனம் என்ற பேச்சுக்கு இடமிருக்காது (மாப்பிள்ளை வீட்டாருக்கு மட்டும் உங்கள் அப்பா மூலம் முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள்). கொதித்து ஆறிய சீரகத் தண்ணீராக இருந்தால், பாட்டில் கேட்ட பெரியவர்களே விரும்பிக் குடிப்பார்கள்.