ஐந்தாவது சில்லுக்குக் காற்று இருக்கிறதா?

தூரப் பயணத்துக்குக் கார் எடுக்கும் முன் எதையெல்லாம் செக் பண்ணவேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். புதிதாக லைசன்ஸ் எடுத்து, யாரோ பாவித்த காரை வாங்கியவர் போலத் தெரிகிறது. நான் மெக்கானிக் இல்லை, ஆரையம்பதியில் இருக்கும் ஓய்வுபெற்ற வாத்தியார், அவ்வளவுதான். பிழை இருந்தால் கராஜ்காரர்கள் திருத்துங்கள், பாயவேண்டாம்.

சாவியை எடுத்தால் முதலில் காரை ஒரு சுற்றுச் சுற்றி வருவேன். "பிள்ளையாரைச் சுத்துறார்" என்று மனைவி சிரிப்பார். கீழே ஒயிலோ தண்ணியோ ஒழுகியிருக்கிறதா, எந்த ரயராவது இறங்கிக் கிடக்கிறதா, பிறகு எஞ்சின் ஆறியிருக்கும்போதே ஒயில் அளவு பார்க்கிற கம்பி, ரேடியேட்டர் தண்ணி, பிரேக் ஒயில் போத்தலில் இரண்டு கோட்டுக்கும் நடுவே நிற்கிறதா என்று ஒரு பார்வை. மாரி காலத்தில் பொனெட்டையும் தட்டுவேன், சூட்டுக்குப் பூனை போய்ப் படுத்திருக்கும். பிரேக் லைட் பார்க்க ஆள் தேவையில்லை, இருட்டில் மதிலுக்குக் கிட்டே பின்பக்கத்தை விட்டு மிதித்தால் சிவப்பு தெரியும். கேற்றைத் தாண்டுமுன் ஒருதடவை பிரேக்கை அமர்த்திப் பார்ப்பதையும் விடமாட்டேன்.

இவ்வளவும் பார்க்கிற நான்தான் நடுக்காட்டில் நின்றேன்.

மச்சாளைக் கட்டுநாயக்கா எயார்போட்டில் விட இரவு ஒரு மணிக்கு வெளிக்கிட்டோம். புணானை தாண்டி வெலிக்கந்தைக்குப் போகிற பாதை, யானை நடமாடும் இடம், பின் ரயர் வெடித்துவிட்டது. பதறவில்லை, ஸ்பெயார் வீலைப் பூட்டி ஜக்கை இறக்கினேன், அதுவும் தோசை மாதிரிச் சப்பையாகப் படுத்துவிட்டது. கார் வாங்கிய நாளில் இருந்து அதற்கு ஒருக்காலும் காற்று அடித்ததில்லை. மச்சாளும் சும்மா இருக்கவில்லை, "1924இல ஆளைத் தின்ற சிறுத்தையச் சுட்டது இந்தப் புணானையிலதானே அத்தான்?" என்கிறார். மறுகா நெல் ஏற்றி வந்த ஒரு சிங்களப் பெரியவர் லொறியை நிறுத்தி, தன் லொறியின் காற்றுத் தாங்கியில் இருந்து ஹோஸ் போட்டு அடித்துத் தந்தார். காசு நீட்டினேன், கையைத் தட்டிவிட்டார். பிளேனைப் பிடித்தோம்.

வெடித்த ரயர் தேய்ந்ததும் இல்லை, தவாளிப்பு எல்லாம் ஆழமாகத்தான் இருந்தது. விடிந்த பிறகுதான் அதன் பக்கத்தில் இருந்த நாலு இலக்கத்தைப் பார்த்தேன்: 3811. 2011ஆம் ஆண்டின் 38ஆவது வாரம் செய்தது என்று அர்த்தம். "புதுசு மாதிரி" என்று ஒரு கடைக்காரர் 2021இல் என் தலையில் கட்டியது. நீங்கள் வாங்கிய காரில் ஸ்பெயாரையும் சேர்த்து ஐந்திலும் அந்த இலக்கத்தைப் பாருங்கள். எவ்வளவு காற்று என்பது டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும், ஓடிச் சூடாக முன் அளக்கவேண்டும். ஸ்பெயாருக்குக் கொஞ்சம் கூட அடித்து வைத்தால் நல்லது, கிடக்கக் கிடக்க இறங்கும்.

உடனே "இப்போது வரும் சில கார்களில் ஸ்பெயாரே இல்லை, பஞ்சர் மருந்துதான்" என்று எழுத ஒருவர் வருவார். தெரியும் ஐயா. அந்த மருந்துக்கும் காலாவதித் திகதி இருக்கிறது, போத்தலைத் திருப்பிப் பாருங்கள்.

அப்புறம், எங்கள் கல்முனை ரோட்டில் இரவில் படுத்துக் கிடக்கிற மாடுகளுக்கு எதைச் செக் பண்ணுவது? காரில் முட்டும்வரை அந்த மாட்டுக்குச் சொந்தக்காரரே கிடையாது, முட்டினால் மட்டும் மூன்று பேர் வருவார்கள். போன கிழமை தாழங்குடாவில் ஒன்று எழும்பி என் சைட் கண்ணாடியை உடைத்துவிட்டு நடந்துபோனது. "மாடு பயந்துபோச்சு, கொஞ்சம் மெதுவா வரப்படாதா சேர்?" என்று என்னிடமே கேட்கிறார்கள்.