மின்னூலுக்கும் வரிசையா?

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை நூலகங்கள் இரவல் தரும் மின்னூல், ஒலிநூல் பற்றியவை. கேட்ட பலரும் ‘லிபி’ செயலி வைத்திருப்பவர்கள். ஓவர்டிரைவ் நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்தச் செயலியில்தான் சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியமும் டொராண்டோ பொது நூலகமும் அமெரிக்க நூலகங்கள் பலவும் மின்னூல் தருகின்றன. அந்த நிறுவனத்தின் பழைய ‘ஓவர்டிரைவ்’ செயலி 2023-இல் நிறுத்தப்பட்டுவிட்டது. இன்னும் கைபேசியில் அது இருந்தால் நீக்கிவிடுங்கள்.

கே: ஓர் ஆங்கில நாவலுக்கு லிபியில் பதிந்தேன். எனக்கு முன்னால் 40 பேர் என்கிறது. அச்சுப் புத்தகம் என்றால் சரி. ஒரு கோப்பை எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கொடுத்தால் யாருக்கு என்ன குறை? (உட்லண்ட்ஸ் வாசகர்)

கொடுக்கலாம், பதிப்பாளர் விட்டால். நூலகம் காசு கொடுத்து வாங்குவது கோப்பை அல்ல, உரிமத்தை. பெரிய ஆங்கிலப் பதிப்பகங்கள் பெரும்பாலும் தருவது ‘ஒரு நேரத்தில் ஒரு வாசகர்’ என்ற உரிமம். எட்டு உரிமம் வாங்கிய நூலகத்தில் ஒன்பதாவது ஆள் காத்திருக்கத்தான் வேண்டும். அந்த உரிமமும் நிரந்தரம் இல்லை. ஹார்ப்பர்காலின்ஸ் 2011-இல் ஓர் உரிமத்துக்கு 26 இரவல் என்று வரம்பு கட்டியது. 27-ஆவது வாசகருக்கு நூலகம் மறுபடி பணம் கட்ட வேண்டும். வேறு சில பதிப்பகங்கள் 24 மாதக் கெடு வைக்கின்றன. போன மாதம் பட்டியலில் கண்ட புத்தகம் இந்த மாதம் காணாமல் போவதற்கு முக்கியக் காரணம் இதுதான், நூலகரை நொந்துகொள்ள வேண்டாம். மேக்மில்லன் 2019 நவம்பரில் ஒரு படி மேலே போய், புதிய மின்னூல் வெளிவந்த முதல் எட்டு வாரங்களுக்கு ஒரு நூலக அமைப்புக்கு ஒரே ஒரு படிதான், அதாவது ஓர் உரிமம்தான், என்றது. நூலகங்கள் வாங்குவதையே நிறுத்தத் தொடங்கியதும் 2020 மார்ச்சில் பின்வாங்கியது.

சரி, உங்கள் 40 பேருக்கு வருவோம். காத்திருப்புக் காலத்தைத் தட்டினால் எத்தனை பேர், எத்தனை படி என்று இரண்டு எண்கள் தெரியும். முதல் எண்ணை மட்டும் பார்த்துத்தான் எல்லோரும் மலைத்துப்போகிறார்கள். 40 பேருக்கு 8 படி என்றால் ஒரு படிக்கு 5 பேர். இரவல் காலம் 21 நாள் என்று வைத்தால் ஏறக்குறைய 105 நாள். பலர் முன்கூட்டியே திருப்பிவிடுவதால் உண்மையில் இதைவிடக் குறையும்.

உங்கள் முறை வந்ததும் எடுத்துக்கொள்ள மூன்று நாள் அவகாசம் உண்டு. அப்போது படிக்க நேரமில்லை என்றால் விட்டுவிடாதீர்கள். ‘டெலிவர் லேட்டர்’ என்பதைத் தட்டி எத்தனை நாள் கழித்து வேண்டும் என்று சொல்லுங்கள். புத்தகம் அடுத்தவருக்குப் போகும், வரிசையில் உங்கள் இடம் போகாது. நான்கு புத்தகம் ஒரே வாரத்தில் வந்து குவிவதைத் தவிர்க்க இதைவிட நல்ல வழி கிடையாது.

கே: அம்மாவுக்கு 74 வயது, எழுத்து கண்ணுக்குத் தெரிவதில்லை. அவர் கைபேசியில் ஒலிநூல் போட்டுக் கொடுத்தேன். வீட்டில் நன்றாக ஓடுகிறது. எம்ஆர்டி ரயிலில் போகும்போது நின்றுவிடுகிறது. திரை அணைந்தாலும் சில நேரம் நிற்கிறது. (ஈசூன் வாசகி)

இரண்டும் வெவ்வேறு கோளாறு.

முதலாவது, நூல் முழுதாக இறங்கவில்லை. ஒலிநூல் பல பாகங்களாக இறங்கும். முதல் பாகம் வந்ததுமே கேட்கலாம் என்பதால், எல்லாம் வந்துவிட்டதாக நினைத்துக் கிளம்பிவிடுகிறோம். வைஃபையில் மட்டும் இறக்கு என்று அமைத்திருந்தால், வெளியே வந்ததும் மிச்சப் பாகங்கள் அப்படியே நின்றுபோகும். 64 கிலோபிட் தரத்தில் ஒரு மணி நேர ஒலி ஏறக்குறைய 29 எம்பி. பத்து மணி நேர நாவலுக்கு 300 எம்பி காலியிடம் வேண்டும். அம்மாவின் கைபேசி வாட்ஸ்அப் காணொளிகளால் நிரம்பியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இறங்கியதை உறுதிசெய்ய எளிய சோதனை உண்டு: வீட்டிலேயே விமானப் பயன்முறையைப் போட்டுவிட்டு, கடைசி அத்தியாயத்துக்குத் தாவி ஓடவிடுங்கள். ஓடினால் அம்மா கிளம்பலாம்.

திரை அணைந்ததும் நிற்பது ஆண்ட்ராய்டின் பேட்டரிச் சிக்கனத்தால். அமைப்புகளில் செயலிகள், லிபி, பேட்டரி என்று உள்ளே போனால் ‘அன்ரெஸ்ட்ரிக்டெட்’ என்று ஒரு தெரிவு இருக்கும் (கைபேசிக்குக் கைபேசி பெயர் சற்று மாறும்). அதை வைத்துவிட்டால் பின்னணியில் ஓடும் செயலியைக் கைபேசி முடக்காது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். அம்மா கைபேசியில் உங்கள் கணக்கைப் போட்டிருந்தால் மாற்றிவிடுங்கள். ‘வேறு கருவியிலிருந்து நகலெடு’ என்ற வசதி ஒரே ஆளின் இரண்டு கருவிகளுக்கானது. அதில் இணைத்தால் இருவர் இரவலும் ஒரே அலமாரியில் கலக்கும். ஒரே நூலை இருவரும் கேட்டால் அவர் நிறுத்திய இடம் உங்களுடையதாக மாறிவிடும். அவர் பெயரிலேயே உறுப்பினர் கணக்கு இருக்கட்டும். சிங்கப்பூர்க் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் கட்டணம் இல்லை. லிபியில் நூலகத்தைத் தேர்ந்ததும் தேசிய நூலக வாரியக் கணக்கான மைலைப்ரரியின் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். ‘தவறு’ என்றே திரும்பத் திரும்ப வந்தால், விசைப்பலகை தானாக முதல் எழுத்தைப் பெரிதாக்கியிருக்கிறதா, பெயருக்குப் பின் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். பாதிப் பிரச்சினை அங்கேதான்.

வாசிப்பு வேகத்தை 0.8 அல்லது 0.9-க்குக் குறைத்து, உறங்குநேரக் கடிகாரத்தை 30 நிமிடத்துக்கு வைத்துக் கொடுங்கள். இல்லாவிட்டால் அம்மா தூங்கியபின் கதை நான்கு அத்தியாயம் ஓடிவிடும்.

கே: 40 பக்கம் பாக்கி இருக்கும்போது புத்தகம் தானாகப் போய்விட்டது. (பிடோக்)

கெடு முடிவதற்கு மூன்று நாள் முன்னதாகப் புதுப்பிக்கும் தெரிவு வரும். யாரும் காத்திருக்கவில்லை என்றால் உடனே நீட்டிக்கலாம். காத்திருந்தால் நீங்களும் வரிசையில் போய் நிற்க வேண்டும். மறுபடி கைக்கு வரும்போது விட்ட பக்கத்திலேயே திறக்கும், குறிப்புகளும் இருக்கும். தானாகத் திரும்புவதால் தாமதக் கட்டணம் என்ற பேச்சே இல்லை. படித்து முடித்தால் மட்டும் கெடுவுக்குக் காத்திராமல் ‘மேனேஜ் லோன்’ போய் ‘ரிடர்ன்’ தட்டிவிடுங்கள்.

கே: கணினியில் நூலக மின்னூலை இறக்கினேன். 2 கேபிதான் இருக்கிறது, ஏசிஎஸ்எம் என்று முடிகிறது. அமேசானின் கிண்டில் வாசிப்புக் கருவிக்கு அனுப்பினால் திறக்கவில்லை. நியூ ஜெர்சியில் இருக்கும் மகளுக்கு மட்டும் கிண்டிலில் வருகிறதே, எப்படி? (ஸ்கார்பரோ வாசகர்)

நூலக மின்னூலைக் கிண்டிலுக்கு அனுப்பும் வசதி அமெரிக்க நூலகங்களுக்கு மட்டும்தான். மகள் ‘ரீட் வித்’ என்பதில் கிண்டிலைத் தேர்ந்தால் அமேசான் தளத்துக்குப் போய், அங்கிருந்து வைஃபை வழியாக இறங்கும். அவருக்கும் ஒலிநூல் அப்படி வராது.

உங்களிடம் உள்ள 2 கேபி கோப்பு புத்தகமே இல்லை, புத்தகத்தைப் பெறுவதற்கான சீட்டு. கணினியில் அடோபி டிஜிட்டல் எடிஷன்ஸ் மென்பொருளை நிறுவி, இலவச அடோபி அடையாளத்தால் முதலில் அங்கீகரித்துவிட்டு, அதற்குப் பிறகே சீட்டைத் திறக்க வேண்டும். அப்போதுதான் உண்மையான மின்னூல் (இபப்) கோப்பு இறங்கும். பிறகு வாசிப்புக் கருவியை யூஎஸ்பியில் செருகி, மென்பொருளுக்குள்ளேயே நூலை இழுத்துக் கருவியின் மேல் விடுங்கள். கோப்புறையிலிருந்து நகலெடுத்தால் திறக்காமல் போகலாம். ‘ஆல்ரெடி ஃபுல்ஃபில்ட் பை அனதர் யூசர்’ என்று பிழை வந்தால், அந்தச் சீட்டு ஏற்கெனவே வேறோர் அடோபி அடையாளத்தில் திறக்கப்பட்டிருக்கிறது. வீட்டில் இருவர் ஒரே கணினியைப் பயன்படுத்தும்போது அடிக்கடி நடக்கும். ‘ரிக்வெஸ்ட் எக்ஸ்பயர்ட்’ என்றால் சீட்டு பழசு, அல்லது கணினியின் தேதி தவறு. தேதியைச் சரிசெய்து சீட்டைப் புதிதாக இறக்குங்கள்.

இத்தனை பாடுபட்டாலும் கிண்டில் இந்தக் கோப்பைத் திறக்காது. கனடாவில் இருக்கும் உங்களுக்கு எங்கள் பரிந்துரை கோபோ வாசிப்புக் கருவிதான். அதன் அமைப்புகளில் ஓவர்டிரைவைத் தேர்ந்து நூலக அட்டை எண்ணைக் கொடுத்தால் போதும். லிபியில் எடுத்த மின்னூல்கள் ஒத்திசைத்ததும் தானாக வந்துசேரும். சீட்டும் வேண்டாம், கணினியும் வேண்டாம். நூலக ஒலிநூலுக்கு மட்டும் கைபேசியையே நம்ப வேண்டும்.

கே: தமிழ் நூலைத் தேடினால் ஒன்றும் வரமாட்டேன் என்கிறது. வந்த ஒன்றிலும் எழுத்தைப் பெரிதாக்க முடியவில்லை. (தெம்பனிஸ்)

தலைப்பைத் தமிழில் அடித்துப் பாருங்கள், அடுத்து ஆங்கில எழுத்தில். பட்டியலில் எப்படி ஏற்றினார்களோ அப்படித் தேடினால்தான் கிடைக்கும். ஆசிரியர் பெயருக்கே மூன்று விதமான ஆங்கில எழுத்துக்கூட்டல் இருக்கலாம். இதைவிடச் சுருக்கமான வழி, எதையும் தேடாமல் வடிகட்டியில் மொழி என்பதைத் தமிழாக்கி முழுப் பட்டியலையும் புரட்டுவது. எழுத்து பெரிதாகாத நூல்கள் பக்க அமைப்பு மாறாதபடி செய்யப்பட்டவை. இரு விரலால் விரித்துப் படிக்கலாம், அல்லது பெரிய திரையுள்ள கருவிக்கு மாறலாம். பழைய வாசிப்புக் கருவிகள் சிலவற்றில் ‘கொ’வின் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். அது நூலின் குறை அல்ல, அந்தக் கருவிக்குத் தமிழ் எழுத்துகளைக் கோக்கத் தெரியவில்லை. அதே நூலைக் கைபேசியில் திறந்தால் ஒழுங்காக இருக்கும்.

சிங்கப்பூர் எழுத்தாளர்களைத் தேடுகிறீர்கள் என்றால் லிபியோடு நின்றுவிடாதீர்கள். 1965 முதல் 2015 வரை இங்கு வெளிவந்த தமிழ் இலக்கிய நூல்களின் மின்திரட்டு தேசிய நூலக வாரியத்தின் தளத்தில் தனியாக இருக்கிறது.

கே: மதுரையில் இருக்கிறேன். டொராண்டோவில் உள்ள அண்ணன் மகனின் அட்டை எண்ணைப் போட்டு எடுக்கலாமா? (மதுரை வாசகர்)

செயலி தடுக்காது. ஆனால் அட்டை அவருக்குத் தரப்பட்டது, இரவல் வரம்பும் அவருடையது. வேண்டாம் ஐயா. 1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் சங்க இலக்கியம் முதல் நாட்டுடைமையான நாவல்கள் வரை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்களும் இதழ்களும் உள்ளன. ஈழத்து எழுத்துக்கு ‘நூலகம்’ என்ற இணையதளம். மூன்றிலும் வரிசை கிடையாது, கெடுவும் கிடையாது.