நாலு நாள் லீவு, நாலு ஜாக்கி ஸ்டாண்டு: கார் கேள்வி–பதில்

பொங்கல் விடுமுறையில் வீட்டு பார்க்கிங்கிலேயே வேலை பார்க்க நினைக்கும் ஸ்போர்ட்ஸ் கார்க்காரர்களின் கேள்விகள் இந்த முறை நிறைய. பதிலுக்கு முன் ஒன்று: சென்னையின் ஸ்பேர் பார்ட்ஸ் கடைத்தெருக்களான ஜி.பி. ரோடும் புதுப்பேட்டையும் பொங்கலன்று பெரும்பாலும் ஷட்டர் இறக்கியிருக்கும். ஒரு வாஷர் குறைந்தாலும் வண்டி நான்கு நாளும் ஸ்டாண்டு மேலேயே நிற்கும். பார்ட்ஸ் எல்லாம் கைக்கு வந்து, பெட்டியைப் பிரித்து, அதே பார்ட்தானா என்று சரிபார்த்த பிறகு முதல் போல்ட்டில் ஸ்பானரை வையுங்கள்.

கே: என்னிடம் 2018 ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் இருக்கிறது. இன்ஜின் ஆயிலை நானே மாற்றலாமா? எத்தனை லிட்டர் வாங்க வேண்டும்? (போரூர் வாசகர்)

தாராளமாக மாற்றலாம். அரை நாள் வேலை. ஃபில்டரோடு சேர்த்து 5.7 லிட்டர் பிடிக்கும், 6 லிட்டர் வாங்குங்கள். டின்னில் பெரிய எழுத்தில் இருக்கும் 5டபிள்யூ-40 என்பதைவிட, பின்னால் சின்ன எழுத்தில் இருக்கும், ஸ்கோடாவின் தாய் நிறுவனமான ஃபோக்ஸ்வாகனின் தர எண் முக்கியம். 502 00 அல்லது 504 00, உங்கள் கார் கையேட்டில் எது இருக்கிறதோ அது.

இந்த இன்ஜினில் ஃபில்டர் மேலேயே இருக்கிறது. இன்ஜினைச் சூடாக்கி அணைத்ததும், முதலில் 32 மி.மீ. சாக்கெட்டால் ஃபில்டர் மூடியைத் தளர்த்துங்கள். அதிலிருக்கும் ஆயில் கீழே சம்புக்கு (இன்ஜினுக்கு அடியிலிருக்கும் ஆயில் தொட்டி) இறங்கிவிடும். பிறகு அடித்தட்டைக் கழற்றி டிரெயின் பிளக்கைத் திறந்தால் மொத்தமாக வடியும்.

சொதப்பல் நடப்பது பெரும்பாலும் அந்தப் பிளக்கில்தான். சம்பும் பிளாஸ்டிக், பிளக்கும் பிளாஸ்டிக். பழைய மாருதியில் இறுக்கிய பழக்கத்தில் ராட்செட் போட்டுத் திருகினால் பிளக் உடையும், சில சமயம் சம்பே விரிசல் விடும். அகலமான தட்டை ஸ்க்ரூடிரைவரால், பூட்டிக்கொள்ளும் இடம் வரை திருப்பினால் போதும். பிளக் ஒருமுறைக்குத்தான். ரப்பர் வளையத்தோடு புதிதாக வருவதைப் போடுங்கள், பழையது பார்க்க நன்றாக இருந்தாலும் சரி. ஃபில்டர் மூடியின் ஓ-ரிங்கும் புதிது, புது ஆயில் தடவியது. மூடிக்கு 25 நியூட்டன் மீட்டர் இறுக்கம்.

5 லிட்டர் ஊற்றி, இரண்டு நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக் பார்த்து மீதியைச் சேருங்கள். ‘கொஞ்சம் கூட இருந்தால் நல்லதுதானே’ என்பது தப்பு. கிராங்க் ஆயிலில் அடிபட்டு நுரை தள்ளும், புகை வரும்.

கே: 2008 போர்ஷே பாக்ஸ்டர் வைத்திருக்கிறேன். இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஓட்டியபோது ஐந்தாறு ரவுண்டுக்குப் பிறகு பிரேக் பெடல் மெத்தென்று இறங்கிவிட்டது. மறுநாள் சரியாக இருக்கிறது. பேட் நிறைய இருக்கிறது. என்ன செய்வது? (பெசன்ட் நகர் வாசகர்)

மறுநாள் சரியாக இருப்பதை நம்பி அடுத்த முறை டிராக்குக்குப் போய்விடாதீர்கள். உங்கள் பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது. கொதித்தால் ஆவி. ஆயில் அமுங்காது, ஆவி அமுங்கும். அதனால்தான் பெடல் இறங்குகிறது. குளிர்ந்ததும் ஆவி திரும்ப ஆயிலாகிவிடும்.

டாட் 4 (பிரேக் ஆயிலின் தரக்குறியீடு) ஆயிலுக்குப் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி கொதிநிலை இருக்க வேண்டும். சுமார் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த நிலையில் அது 155 டிகிரிக்கு இறங்கலாம் என்று அதே தரக்குறியீடு அனுமதிக்கிறது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் குணம் கொண்டது. கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் நிற்கும் வண்டிக்கு ஈரத்துக்கா பஞ்சம்? இரண்டு வருடத்துக்கு ஒருமுறை என்பது கம்பெனி கணக்கு. டிராக்குக்குப் போகிறவர்கள் சென்னையில் வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது. டாட் 5.1 போடலாம் (புதிதில் 260, ஈரத்தோடு 180). டாட் 5 வேறு, அது சிலிக்கான். தசமப் புள்ளியைக் கவனிக்காமல் அதை வாங்கி வந்துவிடாதீர்கள், டாட் 4-ஓடு அது கலக்காது.

வேண்டியவை: சீல் உடைக்காத ஆயில் 1 லிட்டர் (பாதி தீர்ந்து அலமாரியில் இருக்கும் டின் வேண்டாம்), 11 மி.மீ. ரிங் ஸ்பானர், நிப்பிளில் (ஆயிலை வெளியே விடத் திறக்கும் சின்ன முனை) இறுக்கமாக உட்காரும் கண்ணாடி போன்ற டியூப், ஒரு பாட்டில், பனியன் வேஸ்ட், உதவிக்கு ஒரு ஆள்.

முதலில் ரிசர்வாயரில் இருக்கும் கறுத்த ஆயிலை சிரிஞ்சால் உறிஞ்சிவிட்டுப் புதியதை ஊற்றுங்கள். பழையதையே நான்கு சக்கரத்துக்கும் தள்ளி நேரத்தை வீணாக்க வேண்டாம். மாஸ்டர் சிலிண்டர் எந்தப் பக்கம் என்று பார்த்து, அதற்கு மிகத் தூரத்திலிருக்கும் பின் சக்கரத்தில் தொடங்கி, கிட்டத்தில் இருக்கும் முன் சக்கரத்தில் முடியுங்கள். உங்கள் காரில் ஒவ்வொரு காலிபருக்கும் (பேடைப் பிடித்து அழுத்தும் பாகம்) இரண்டு நிப்பிள், ஆக மொத்தம் எட்டு. உள்பக்க நிப்பிளை மறந்துவிட்டு, ‘எல்லாம் மாற்றியும் பெடல் ஸ்பாஞ்சுபோல இருக்கிறது’ என்று சொல்பவர்கள் உண்டு.

பெடலை மிதித்துப் பிடி, நிப்பிளைத் திற, குமிழியோடு ஆயில் வரும், நிப்பிளை மூடு, பிறகுதான் பெடலை விடு. வரிசை மாறினால் காற்று உள்ளே போகும். பெடலைத் தரை வரை மிதிக்கவே கூடாது. பழைய மாஸ்டர் சிலிண்டரில் பிஸ்டன் வழக்கமாகப் போகாத அடிப்பகுதியில் துரு படிந்திருக்கும், சீல் அதில் உரசிக் கிழியும். பெடலுக்கு அடியில் இரண்டு அங்குல மரக்கட்டை வைத்துவிட்டால் தொல்லை இல்லை. ஒவ்வொரு நிப்பிள் முடிந்ததும் ரிசர்வாயரை நிரப்புங்கள். அது ஒருமுறை காலியானால் காற்று ஏபிஎஸ் பிளாக்குக்குள் புகுந்துவிடும். அதை வெளியேற்ற ஸ்கேனர் வேண்டும், லீவில் அதற்கு ஆள் தேடி அலைய வேண்டியிருக்கும்.

நிப்பிளுக்கு 14 நியூட்டன் மீட்டர் போதும். அலுமினியம் காலிபர், இறுக்கினால் மரை போய்விடும். வீல் போல்ட்டுக்கு 130. பெயின்டில் ஆயில் சொட்டினால் துடைக்காதீர்கள், உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். துடைத்தால் பரவி இன்னும் கொஞ்சம் பெயின்டைத் தின்னும்.

பேடும் சேர்த்து மாற்றுவதானால், பிஸ்டனை உள்ளே தள்ளும்போது ரிசர்வாயர் பொங்கும், முன்கூட்டியே கொஞ்சம் உறிஞ்சி வையுங்கள். புது பேடைப் பழக்க, 80-இலிருந்து 20 வரை வேகத்தைக் குறைத்து, முழுசாக நிற்காமல், எட்டு பத்து முறை. அதற்கு விடியற்காலை காலி ரோடு வேண்டும். காணும் பொங்கலன்று மட்டும் ஈ.சி.ஆர். பக்கம் போகாதீர்கள், மாமல்லபுரம் வரை நின்று நின்றுதான் போவீர்கள்.

கே: அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் பேவர் பிளாக் தரை. ஜாக்கி ஸ்டாண்டு வைக்கலாமா? (மடிப்பாக்கம் வாசகர்)

அப்படியே வைக்காதீர்கள். கல்லுக்கு அடியில் மணல்தான், ஸ்டாண்டின் ஒரு கால் கல் இடுக்கில் இறங்கினால் வண்டி சாயும். மழைக்குப் பிறகு இன்னும் மோசம். ஒவ்வொரு ஸ்டாண்டுக்கும் கீழே ஒரு சதுர அடிக்குக் குறையாத 18 மி.மீ. பிளைவுட் துண்டு. ஜாக்கிக்கும் அதேதான், ஜாக்கியின் சக்கரம் உருளும் அளவுக்கு நீளமாக. தூக்கி வைத்ததும், அடியில் போகுமுன் பக்கவாட்டில் நன்றாகத் தள்ளிப் பாருங்கள். கழற்றிய சக்கரத்தை, கதவுக்குக் கீழே ஓடும் பாடி விளிம்புக்கு அடியில் படுக்க வைத்துவிட்டு நுழையுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி தலையை உள்ளே விடுகிறவருக்கு எங்களிடம் பதில் இல்லை.

கே: 2007 பிஎம்டபிள்யூ இசட்4. நவம்பர் மழைக்குப் பிறகு துணிக்கூரை திறக்கவில்லை. பட்டனை அமுக்கினால் ‘க்ளிக்’ மட்டும் கேட்கிறது. மோட்டார் போய்விட்டதா? (நீலாங்கரை வாசகர்)

க்ளிக் கேட்டால், மோட்டாருக்கு மின்சாரம் திறந்துவிடும் ரிலே உயிரோடு இருக்கிறது. உங்கள் மாடலில் ஹைட்ராலிக் பம்ப் மோட்டார் இருப்பது கூரை மடங்கும் குழியின் அடியில், ஒரு கோடியில். அந்தக் குழியின் தண்ணீர் வடியும் குழாய் அடைத்தால் முதலில் முழுகுவது அதுதான். வண்டி எந்த மரத்தடியில் நிற்கிறது என்று பாருங்கள். தூங்குமூஞ்சி மரமாக இருந்தால் அதன் பொடி இலையும் பூவும் சேறாகி அடைப்பது சகஜம்.

மோட்டாரைத் தொடுவதற்கு முன் குழாயைச் சரிசெய்யுங்கள். இல்லையென்றால் புது மோட்டாரும் அடுத்த ஐப்பசியில் முழுகும். கம்பி விட்டுக் குத்தாதீர்கள், ரப்பர் கிழியும். கம்ப்ரஸர் காற்றும் வேண்டாம், குழாய் இணைப்பிலிருந்து கழன்றால் தண்ணீர் எங்கே போகிறது என்றே தெரியாது. புல் வெட்டும் மெஷினில் போடும் நைலான் கயிற்றை, முனையை நெருப்பில் காட்டி மழுக்கி, மெதுவாகச் சுழற்றி விடுங்கள். பிறகு அரை லிட்டர் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, வண்டிக்கு அடியில் வடிகிறதா பாருங்கள். இரண்டு பக்கமும்.

மோட்டாருக்கு இரண்டு தடித்த வயர் வரும். சாக்கெட்டைக் கழற்றி, ஃபியூஸ் போட்ட வயரால் நேரே 12 வோல்ட் கொடுத்துப் பாருங்கள். வயரை மாற்றிக் கொடுத்தால் எதிர்ப்பக்கம் சுற்ற வேண்டும். இரண்டு பக்கமும் அசையவில்லை என்றால் உள்ளே துரு. பிரித்துக் காயவைத்து பிரஷ்ஷைச் சுத்தம் செய்தால் பிழைப்பதும் உண்டு. காயில் கருகியிருந்தால் பிழைக்காது. புதிது போடும்போது, ஹோஸ்களை நீட்டிப் பம்ப்பை டிக்கிக்குள் மேடான இடத்துக்கு மாற்றி வைக்கும் வழக்கம் இந்த மாடல்காரர்களிடம் உலகம் முழுக்க இருக்கிறது. நல்ல யோசனைதான், ஆனால் லீவு வேலை அல்ல. மெக்கானிக்கை வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

கே: 2013 மினி கூப்பர் எஸ். மாதம் ஒருமுறை கூலன்ட் குறைகிறது. தரையில் ஒரு சொட்டுகூட இல்லை. (கீழ்ப்பாக்கம் வாசகர்)

சூடான இன்ஜின் மேல் விழுந்து தரைக்கு வருமுன் ஆவியாகிறது. இன்ஜின் ஹெட்டின் கியர்பாக்ஸ் பக்கக் கோடியில் இருக்கும் தெர்மோஸ்டாட் ஹவுசிங்கில் டார்ச் அடித்துப் பாருங்கள், இணைப்பில் உப்புப் பொருக்கு தட்டியிருக்கும். பிளாஸ்டிக் ஹவுசிங். தெர்மோஸ்டாட் திறப்பதே 105 டிகிரியை ஒட்டி. அண்ணா சாலை டிராஃபிக்கில் வருடக்கணக்கில் வெந்த பிளாஸ்டிக் விரிசல் விடாமல் என்ன செய்யும்? அதோடு, இந்த மினியில் டெம்பரேச்சர் முள் கிடையாது, சிவப்பு விளக்குதான். அது எரியும்போது காலம் கடந்திருக்கும். தள்ளிப்போடாதீர்கள்.

ஹவுசிங்கை மட்டும் வாங்காதீர்கள். அதிலிருந்து இன்ஜினுக்குப் பின்னாலேயே வாட்டர் பம்ப் வரை ஒரு பிளாஸ்டிக் குழாய் ஓடுகிறது. ஹவுசிங்கைக் கழற்றும்போது அதன் நுனி நொறுங்கிக் கையோடு வரும், பொங்கலன்று அந்தக் குழாய் எங்கும் கிடைக்காது. இரண்டும், ஓ-ரிங்குகளும் சேர்த்து ஆர்டர் கொடுங்கள். கூலன்ட் பிஎம்டபிள்யூ தரத்தில் உள்ளது 3 லிட்டர், டிஸ்டில்டு வாட்டர் 3 லிட்டர், பாதிக்குப் பாதி. போர் தண்ணீர் ஒரு டம்ளர்கூட வேண்டாம்.

இன்ஜின் முழுக்க ஆறிய பிறகே மூடியைத் திறங்கள், ராத்திரி விட்டுக் காலையில் தொடங்குவது உத்தமம். நிரப்பும்போது ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஹோஸில் இருக்கும், காற்றை வெளியேற்றும் ப்ளீட் ஸ்க்ரூவைத் திறந்து, குமிழி நின்று நீர் மட்டும் வரும்போது மூடுங்கள். அது பிளாஸ்டிக் ஸ்க்ரூ, விரல் பலமே போதும். முதல் இரண்டு நாள் ஓட்டிய பிறகு, ஆறிய இன்ஜினில் அளவு பாருங்கள்.

கே: ஹெட்லைட் மஞ்சளடித்துவிட்டது. டூத்பேஸ்ட் போட்டால் போகுமாமே? (தாம்பரம் வாசகர்)

போகும், அடுத்த மாதம் திரும்பி வரும். மஞ்சளாவது பாலிகார்பனேட்டின் மேலிருந்த பாதுகாப்புப் பூச்சு வெயிலில் கெட்டுப்போனதால். சுற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, 1000, 2000, 3000 நம்பர் வாட்டர் பேப்பரை வரிசையாக, தண்ணீர் விட்டுக்கொண்டே தேயுங்கள். ஒவ்வொரு நம்பருக்கும் கை போகும் திசையை மாற்றினால் முந்தைய கீறல் போனதா என்று தெரியும். பாலிஷ் போட்ட பிறகு யூவி தடுக்கும் கிளியர் பூச்சு அவசியம். அது இல்லாவிட்டால் உழைப்பு வீண். போகியன்று பூச்சு வேலை வேண்டாம், புகையும் சாம்பலும் ஈரப் பூச்சில் ஒட்டிக்கொள்ளும்.

கே: சைலன்சரைக் கழற்றி நேர் பைப் போட நினைக்கிறேன். நானே வெல்டிங் செய்யலாமா? (வளசரவாக்கம் வாசகர்)

செய்யத் தெரியலாம், செய்யக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு கம்பெனி தந்த அமைப்பை இப்படி மாற்ற இடம் தருவதில்லை. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதே வருடத் திருத்தத்தின்படி உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இன்ஷூரன்ஸ்காரர் க்ளெய்மில் கேட்கும் முதல் கேள்வியும் இதுவாகத்தான் இருக்கும். மாதவரம் மேம்பாலத்தில் பத்து நொடி சத்தத்துக்கு இவ்வளவு விலை வேண்டாம்.

கே: கழித்த ஆயிலையும் பழைய டயரையும் என்ன செய்வது? (அம்பத்தூர் வாசகர்)

டயரைப் போகி நெருப்பில் போடாதீர்கள், தடை இருக்கிறது. புது டயர் வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்துவிடுங்கள். கழித்த இன்ஜின் ஆயில் சட்டப்படி அபாயக் கழிவு. மழைநீர் வடிகாலில் ஊற்றினால் நேரே கூவத்துக்கோ அடையாற்றுக்கோ போகும். புது ஆயில் வந்த டின்னிலேயே திருப்பி ஊற்றி, மூடியை இறுக்கி, மேலே ‘கழிவு’ என்று மார்க்கரில் எழுதி, அனுமதி பெற்ற மறுசுழற்சியாளருக்கு ஆயில் அனுப்பும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். பிரேக் ஆயிலையும் கூலன்டையும் அதில் கலந்துவிடாதீர்கள், கலந்ததை அவர்கள் வாங்க மாட்டார்கள். தனித்தனி டின். கூலன்ட் இனிக்கும் விஷம், தெருநாய் நக்கும் உயரத்தில் திறந்த தட்டில் ஒரு ராத்திரிகூட வைக்க வேண்டாம்.