பல ஆண்டுகளாக ஓடாத மாதிரி நீராவி ரயில் எஞ்சினைச் சீர்செய்ய அதை முழுவதும் கழற்றத்தான் வேண்டுமா?

பழைய பொருள் விற்பவரிடம் வாங்கிய, பியூட்டேன் வாயுவில் எரியும், 45 மி.மீ. தண்டவாளத்தில் ஓடும் எஞ்சின் உங்களிடம் இருக்கிறது; தீ எரிகிறது, நீராவி வருகிறது, ஆனால் சக்கரம் சுழல மறுக்கிறது; எல்லாவற்றையும் கழற்றிச் சுத்தம் செய்து மீண்டும் பூட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்பதே என் பதில். இந்த அளவு எஞ்சின்களை வைத்திருப்பவன், நண்பர்களுடையவற்றையும் பார்த்துக் கொடுப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: அலமாரியில் சும்மா இருந்த எஞ்சினில் எண்ணெய் காய்ந்து பிசினாகும், ரப்பர் வளையங்கள் இறுகும், நுண்துளைகள் அடைபடும், ஆனால் வால்வுகள் எப்போது திறந்து மூட வேண்டும் என்ற நேர அமைப்பு தானாகக் கலைவது அரிது. அதைக் கலைப்பது பெரும்பாலும் அவசரப்பட்டுத் திருப்புளியைக் கையில் எடுப்பவர்தான்.

நீங்கள் ஏற்கெனவே நீராவி ஏற்றிப் பார்த்துவிட்டீர்கள் என்பதால், முதலில் பாய்லரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வரலாறு தெரியாத பாய்லரைச் சோதிக்காமல் சூடாக்கக் கூடாது. ரவுண்ட்ஹவுஸ், அக்யூகிராஃப்ட் போன்ற நிறுவனங்களின் இவ்வகை எஞ்சின்களில் பாய்லர் செம்பால் ஆனது. வேலை அழுத்தம் பெரும்பாலும் சதுர அங்குலத்துக்கு 40 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 2.75 பார். அந்த அழுத்தத்தில் உள்ளிருக்கும் நீரின் வெப்பம் 140 பாகை செல்சியசைத் தொடுகிறது. பாய்லர் பிளந்தால் அவ்வளவு சூடான நீர் நொடியில் ஆவியாகப் பாயும். அபாயம் அங்கேதான் இருக்கிறது. ஆகவேதான் சோதனையைக் குளிர்ந்த நீரால் செய்கிறார்கள். பாதுகாப்பு வால்வைக் கழற்றி அந்தத் துளையை அடைத்து, உள்ளே காற்றுக் குமிழி சிறிதும் இல்லாதபடி நீரை நிரப்பி, கை பம்பால் அழுத்தத்தை ஏற்ற வேண்டும். புதிய பாய்லருக்கு வேலை அழுத்தத்தைப் போல் இரு மடங்கும், பயன்பாட்டில் உள்ளதற்கு ஒன்றரை மடங்கும் ஏற்றுவது பிரிட்டனில் உள்ள வழக்கம். உங்களுடையதற்கு 60 பவுண்டு போதும். நீர் அமுங்காத பொருள் என்பதால், இணைப்பு விட்டுப்போனாலும் ஒரு சொட்டுக் கசிவோடு அழுத்தம் இறங்கிவிடும். இதே சோதனையைக் காற்றால் செய்வது ஆபத்தானது, ஒருபோதும் செய்யாதீர்கள்.

கசிவு தெரிந்தால், இணைப்பு எதனால் பற்றவைக்கப்பட்டது என்று பாருங்கள். வெள்ளிப் பற்றாசு உருக 600 பாகைக்கு மேல் வேண்டும். அதைச் சீர்செய்ய முழு பாய்லரையும் செந்தணலாகச் சூடேற்ற வேண்டியிருக்கும் என்பதால் அனுபவமுள்ளவரிடம் கொடுப்பதே முறை. பழைய, மலிவான பொம்மை எஞ்சின்களில் ஈயப் பற்றாசு இருக்கும். அது 200 பாகையை ஒட்டியே இளகிவிடும். உள்ளே நீர் இருக்கும்வரை அதற்கு ஆபத்தில்லை. நீர் வற்றிய பிறகும் தீ எரிந்தால் இணைப்புகள் உருகி வழிந்துவிடும். பாய்லரைச் சுற்றிப் பழைய வெள்ளைக் கயிறோ அட்டையோ இருந்தால் அது ஆஸ்பெஸ்டாசாக இருக்கலாம். உலர்ந்த நிலையில் சுரண்டாதீர்கள்.

இனி உங்கள் உண்மையான கேள்விக்கு வருகிறேன். நீராவி வந்தும் சக்கரம் சுழலாததற்கு, பழுதே இல்லாத இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, குளிர்ந்த சிலிண்டருக்குள் நுழையும் நீராவி உடனே நீராக மாறி, பிஸ்டனுக்கு முன்னால் தேங்கி அதை நகரவிடாமல் தடுக்கும். நீராவியின் அளவைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரைச் சற்றே திறந்து, துணியால் பிடித்து எஞ்சினைக் கையால் முன்னும் பின்னும் தள்ளினால், அந்த நீர் புகைபோக்கி வழியாகத் துப்பப்பட்டு வெளியேறும். சிலிண்டர் சூடான பிறகே எஞ்சின் தன் காலில் நிற்கும். முகத்தைப் புகைபோக்கிக்கு நேராக வைத்துக்கொள்ளாதீர்கள். இரண்டாவது காரணம், நீராவியைச் சிலிண்டரின் இரு முனைகளுக்கும் மாற்றி மாற்றி விடும் நழுவு வால்வு. அது தன் பரப்பின் மேல் தளர்வாக அமர்ந்திருக்கும். நீராவியின் அழுத்தமே அதைக் கீழே அழுத்திப் பிடிக்கிறது. காய்ந்த எண்ணெயால் அது சற்றே தூக்கிய நிலையில் ஒட்டிக்கொண்டால், நீராவி பிஸ்டனுக்குப் போகாமல் நேராகப் புகைபோக்கிக்குப் போய்விடும். புகைபோக்கியிலிருந்து விடாமல் ‘உஸ்’ என்ற ஓசை வந்து, எஞ்சின் அசையாமல் இருந்தால் ஐயம் இதன் மேல்தான் எழ வேண்டும்.

இவ்விரண்டும் இல்லையென்றால் நான் அடுப்பைப் பற்றவைக்காமல், நீராவிக் குழாயைப் பாய்லரிலிருந்து பிரித்துக் காற்றால் ஓட்டிப் பார்ப்பேன். கொதிகலனையும் இயங்கு பகுதியையும் தனித்தனியாக ஆராய இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. சக்கரங்கள் அந்தரத்தில் இருக்கும்படி சட்டத்தை மரக்கட்டைகளின் மேல் தாங்கவைத்து, குழாயில் சில சொட்டு மண்ணெண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவிட்டு, மறுநாள் எண்ணெயிட்டு, சிறிய கம்ப்ரசரால் 1 அல்லது 1.5 பார் காற்றைச் செலுத்துங்கள். பிசின் கரைந்து கறுப்பாக வெளியே வரும். பிஸ்டனை இருபுறமிருந்தும் நீராவி தள்ளும் இரட்டைச் செயல் சிலிண்டர்கள் இரண்டு உள்ள எஞ்சினில் ஒரு சுற்றுக்கு நான்கு வெளியேற்ற ஒலிகள் கேட்க வேண்டும். மெதுவாக ஓடவிட்டு எண்ணினால், எந்தப் பக்கத்தில் குறை என்பது காதிலேயே தெரிந்துவிடும். நான்கும் சீராக இருந்தால் நேர அமைப்பைத் தொடவே வேண்டாம். ஓர் ஒலி மங்கியோ முந்தியோ கேட்டால், வால்வுகளை இயக்கும் எக்சென்ட்ரிக் வட்டுகளிலும் (அச்சின் மையத்திலிருந்து விலகிப் பொருத்தியவை) திருப்பு கிராங்குகளிலும் உள்ள சிறு திருகாணிகள் தளர்ந்துள்ளனவா என்று பாருங்கள். பழைய நிலையைக் காட்டும் தழும்பு அச்சில் பெரும்பாலும் இருக்கும்.

தண்டுகள் வெளிவரும் இடங்களில் ஆவி கசிந்தால், கசிவைத் தடுக்கச் சுற்றியிருக்கும் பழைய திணிப்பை எடுத்துவிட்டு டெஃப்லான் நாரைச் சுற்றுங்கள். ஓ-ரிங் எனும் ரப்பர் வளையம் இருந்தால், வெப்பம் தாங்கும் விட்டான் வகையையே போடுங்கள். கடையில் எளிதாகக் கிடைக்கும் நைட்ரைல் வளையம் இந்த வெப்பத்தில் விரைவில் கல்லாகிவிடும்.

எண்ணெய் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. எண்ணெய்க் கலத்துக்குள் வரும் நீராவி குளிர்ந்து நீராகி அடியில் தங்கும்போது, மேலே மிதக்கும் எண்ணெய் அந்த அளவுக்கு வெளியே தள்ளப்பட்டுச் சிலிண்டருக்குப் போகிறது. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் அந்த நீரை வடித்துவிட்டு, நீராவிச் சிலிண்டர்களுக்கென்றே விற்கப்படும் கனமான எண்ணெயை நிரப்ப வேண்டும். கார் எஞ்சின் எண்ணெய் நீரோடு கலந்து கூழாகிவிடுவதால் அது உதவாது. சக்கர அச்சுகளுக்கும் வெளித்தண்டுகளுக்கும் மெல்லிய இயந்திர எண்ணெயே போதும்.

நீரைப் பொறுத்தவரை போர்வெல் தண்ணீர் உப்பைப் படியவைக்கும். பேட்டரி தண்ணீரே தூயது என்று பலர் ஊற்றுகிறார்கள். ஆனால் அது பெரும்பாலும் அயனி நீக்கிய நீர்; அது பித்தளைப் பாகங்களிலிருந்து துத்தநாகத்தை அரித்தெடுக்கக்கூடும். சுத்தமாகப் பிடித்து வடிகட்டிய மழைநீரை நான் விரும்புகிறேன்.

அடுப்புக்கு வாயு பீறிடும் நுண்துளை கொண்ட ஜெட் அடைத்துக்கொண்டால் கம்பியை நுழைக்காதீர்கள். துளை பெரிதானால் ஜெட்டையே மாற்ற நேரும். அசிட்டோனில் ஊறவைத்துப் பின்புறமாக ஊதினால் போதும். வீட்டுச் சமையல் சிலிண்டரிலிருந்து நிரப்பலாமா என்றும் சிலர் கேட்பார்கள். அதில் புரொபேனும் கலந்திருக்கிறது. நம் ஊர் வெயிலில் அதன் அழுத்தம் பியூட்டேனைவிட மிக அதிகமாக ஏறும், உங்கள் சிறிய தொட்டி அதற்காகச் செய்யப்பட்டதன்று.

கழற்றுவது எப்போது சரி என்றால், காற்றுச் சோதனையில் குறை இன்ன இடத்தில் என்று உறுதியான பிறகு, அந்த இடத்தை மட்டும். நழுவு வால்வின் பரப்பு கீறலுற்றிருந்தால் அந்த வால்வு இருக்கும் ஆவிப்பெட்டியின் மூடியை மட்டும் எடுங்கள். திறப்பதற்கு முன் படம் எடுத்துக்கொண்டு, வால்வுத் தண்டில் நட்டு எத்தனை புரி உள்ளே இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். தட்டையான கண்ணாடியின் மேல் 1000 எண் எமரித் தாளை விரித்து, எண்ணெய் விட்டு, எட்டு வடிவில் தேய்த்தால் வால்வின் பரப்பு சமமாகிவிடும். அதற்குள் சக்கரங்களை அச்சிலிருந்து உருவும் எண்ணம் வந்தால் கைவிட்டுவிடுங்கள்: இரு பக்கக் கிராங்குகளும் 90 பாகை விலகி நிற்க வேண்டும், அதை வீட்டு மேசையில் மீண்டும் அமைக்கத் தனிக் கருவி தேவைப்படும்.