புரோகிராம் கோடு குவிகிறது, ரிவ்யூ தேங்குகிறது

கேள்வி: எங்கள் சாஃப்ட்வேர் டீமில் ஏழு பேர். ஏஐ வந்த பிறகு ஜூனியர்கள் ஆளுக்கு நாலு புல் ரிக்வெஸ்ட் (எழுதிய கோடைச் சரிபார்த்துச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை) அனுப்புகிறார்கள், படித்துப் பார்க்க இரண்டு சீனியர்கள்தான். மேனேஜரோ வேகம் கூடிவிட்டது என்கிறார். என்ன செய்வது?

பதில்: வேகம் கூடியதாகத் தோன்றுவது வேறு, கூடுவது வேறு. 2025இல் மீட்டர் என்ற அமெரிக்க ஆய்வு அமைப்பு, தங்கள் ஓப்பன் சோர்ஸ் (கோடு எல்லோருக்கும் திறந்திருக்கும்) புராஜெக்டில் பல வருடம் ஊறிய 16 டெவலப்பர்களின் 246 வேலைகளை அளந்து பார்த்தது. ஏஐ உதவியோடு செய்தபோது 19 சதவீதம் கூடுதல் நேரம் பிடித்தது, ஆனால் அவர்களோ 20 சதவீதம் மிச்சமானதாக நம்பினார்கள். சின்ன ஆய்வுதான், அன்றைய கருவிகள்தான், எல்லா டீமுக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் மேனேஜரிடம் புல் ரிக்வெஸ்ட் எண்ணிக்கையைக் காட்டாதீர்கள். டிக்கெட் (வேலைக்கான பதிவு) திறந்ததிலிருந்து புரொடக்‌ஷன் போகும்வரை, அதாவது பயனர் கைக்குப் போய்ச் சேரும்வரை எத்தனை நாள், எத்தனை பக் திரும்பி வந்தது, இதைக் காட்டுங்கள்.

அப்புறம் ஜூனியர்கள். அனுப்புகிறவர் ஒவ்வொரு மாற்றமும் ஏன் என்று தன் வார்த்தையில் எழுதட்டும், எழுத முடியாவிட்டால் ரிவ்யூவுக்கே வரக்கூடாது. முதல் ரிவ்யூவை இன்னொரு ஜூனியர் செய்யட்டும். அடுத்தவர் எழுதிய கோடைப் படித்துப் படித்துத்தானே நாமெல்லாம் கற்றுக்கொண்டோம், அந்த வாய்ப்பை அவர்களிடமிருந்து பறித்துவிடாதீர்கள்.