இரண்டு ஏஜென்சிகள் ஒரே நிறுவனத்துக்கு ரெஸ்யூமே அனுப்பிவிட்டால்

வேலைக்கு ஆள் சேர்த்துவிடும் இரண்டு ஏஜென்சிகள் பெங்களூரு வைட்ஃபீல்டில் உள்ள ஒரே நிறுவனத்துக்கு உங்கள் ரெஸ்யூமேவை அனுப்பியதால், அந்நிறுவனம் அதை ‘டூப்ளிகேட்’ என்று நிறுத்திவைத்திருக்கிறது என்கிறீர்கள். முதலில் உங்கள் ஒப்புதலைப் பெற்று அனுப்பிய ஏஜென்சியையே வைத்துக்கொண்டு, மற்றதிடம் உங்கள் ரெஸ்யூமேவைத் திரும்பப் பெறும்படி இன்றே மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள். தொலைபேசியில் சொன்னது சான்றாக நிற்காது.

வைட்ஃபீல்டு நிறுவனம் ‘டூப்ளிகேட்’ என்று நிறுத்திவைத்ததற்குக் காரணம் பெரும்பாலும் உங்கள் தகுதி அன்று, கமிஷன் தகராறு வருமோ என்ற அச்சமே. ஆளைச் சேர்த்துவிடும் ஏஜென்சிக்கு ஆண்டு ஊதியத்தில் 8.33 விழுக்காடு, அதாவது ஒரு மாத ஊதியம், தருவது இங்கே பரவலான வழக்கம் என்பதால், அதை யாருக்குத் தருவது என்ற சிக்கலில் மாட்டிக்கொள்ள எந்த மனிதவளப் பிரிவும் விரும்பாது.

இரு ஏஜென்சியினரும் வேலையைக் குறிப்பிட்டு உங்களிடம் ஒப்புதல் கேட்ட மின்னஞ்சல்களின் தேதிகளை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒருவர் கேட்காமலேயே அனுப்பியிருந்தால், அதை நிறுவனத்திடம் தயங்காமல் தெரிவியுங்கள்.

ஆனால், சில நிறுவனங்கள் ஒப்புதலைப் பார்ப்பதில்லை. முதலில் பதிவேறிய ரெஸ்யூமேவையே ஏற்கின்றன.